பரிசு முடிவுக்கா, முறைக்கா? ஆராய்ச்சி ஊக்கங்களும் அறிவியலின் நேர்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியலில் உதவுவது என் வேலை. எக்ஸெல் கோப்போடு வந்து உட்காருகிறவர்கள், அவர்களுடைய பெற்றோர், செய்தித்தாளில் "ஆய்வில் தகவல்" என்று படித்துவிட்டுக் குழம்பிப்போன நண்பர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

ஆராய்ச்சியில் ஊக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஓர் ஆராய்ச்சியாளருக்கு வேலை, பதவி உயர்வு, நிதி, பெயர் ஆகியவை எதைச் செய்தால் கிடைக்கின்றனவோ அதுதான் ஊக்கம். இன்றைக்குப் பெரும்பாலும் அது வெளியான ஆய்வுக்கட்டுரைதான். எத்தனை பேப்பர், எந்த இதழில், அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதே கணக்கு. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்ற இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணை முன்வைத்தார். அதன்பிறகு ஒருவருடைய வாழ்நாள் உழைப்பையே ஒரு எண்ணில் சொல்லிவிடலாம் என்ற பழக்கம் வேகமாகப் பரவியது. நேர்காணல் அறையில் "உங்கள் எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்று கேட்பது இப்போது யாருக்கும் வியப்பாக இல்லை.

அதனால் அறிவியல் முறை எப்படிக் கெடும்? சோதனை சோதனைதானே?

அறிவியல் முறையின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. நான் நினைத்தது தவறாக இருக்கலாம், தவறென்றால் சோதனை அதைக் காட்டட்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதுதான் அது. பரிசு "ஆம்" என்ற விடைக்கு மட்டும் என்றால், ஆராய்ச்சியாளர் அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்ற முடியாத இடத்தில் நிற்கிறார். "இல்லை" என்று வந்தால் மூன்று ஆண்டு உழைப்புக்குப் பேப்பர் இல்லை. பேப்பர் இல்லையென்றால் வேலை இல்லை. சோதனையைத் தொடங்கும் முன்பே எந்த விடை வரவேண்டும் என்பது அவருடைய வாழ்க்கைக்குத் தெரிந்துவிடுகிறது.

பிறகு எங்கெங்கே வளையும்? தரவு சேர்ப்பதை எப்போது நிறுத்துவது, எந்த அளவீட்டை விலக்குவது, எந்தக் குழுவோடு ஒப்பிடுவது, எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக. எதுவும் பொய் போலவே இருக்காது.

ஓர் உண்மையான உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உணவுப் பழக்கங்களை ஆராய்ந்த பிரையன் வான்சிங்க்கின் கதையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். பெரிய கிண்ணத்தில் பரிமாறினால் அதிகம் சாப்பிடுவோம் என்பது போன்ற அவருடைய முடிவுகள் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தன. அமெரிக்க அரசின் உணவுப் பரிந்துரைகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கும் அவர் சில காலம் தலைமை வகித்தார். அங்கே பள்ளிச் சிற்றுண்டிக் கூடங்கள் அவருடைய யோசனைகளைப் பின்பற்றின.

2016 நவம்பரில் அவரே தன் வலைப்பதிவில் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க் மாநிலத்தில் இத்தாலிய உணவகம் ஒன்றில், விரும்பிய அளவு சாப்பிடும் பஃபேயை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார்கள். சிலரிடம் 8 டாலர், சிலரிடம் பாதி விலை. விலை மாறினால் சாப்பிடுவது மாறுமா என்பதுதான் கேள்வி. எதிர்பார்த்தது எதுவும் வரவில்லை. அந்தத் தரவை ஆய்வகத்துக்கு வந்த ஒரு மாணவியிடம் கொடுத்து, இதைச் சேர்க்க நிறைய நேரமும் சொந்தப் பணமும் செலவாயிற்று, இதில் ஏதாவது தேறும், தேடிப் பார் என்றார். அந்தப் பெண் நாள்தோறும் புதிய புதிய வழிகளில் அலசினார். தோற்றுப்போன அந்த ஒரே சோதனையிலிருந்து நான்கு கட்டுரைகள் வெளியாயின. பெண்களோடு உட்கார்ந்து சாப்பிடும் ஆண்கள் 93% அதிகம் பீட்சா சாப்பிடுகிறார்கள் என்றது அதில் ஒன்று.

வான்சிங்க் இதை மறைக்கவில்லை. உழைப்புக்கு முன்மாதிரி என்று அந்த மாணவியைப் பாராட்டி, இளைஞர்களுக்கு அறிவுரையாக எழுதியிருந்தார். என்னை உலுக்கியது அதுதான். தான் தவறு செய்வதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் வளர்ந்த சூழலில் அது விடாமுயற்சி.

அந்த வலைப்பதிவைப் படித்த மூன்று ஆராய்ச்சியாளர்கள் அந்த நான்கு கட்டுரைகளையும் எடுத்து எண்களைச் சரிபார்த்தார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்கள் சுமார் 150 கிடைத்தன. பிறகு பழைய கட்டுரைகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஆப்பிளில் பொம்மைப் பட ஸ்டிக்கர் ஒட்டினால் 8 முதல் 11 வயதுக் குழந்தைகள் அதை எடுத்துக்கொள்வார்கள் என்று வந்த ஆய்வில், உண்மையில் பங்கேற்ற குழந்தைகளுக்கு 3 முதல் 5 வயது. 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் ஒரே நாளில் அவருடைய ஆறு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. மறுநாள் அவர் பதவி விலகும் செய்தியைப் பல்கலைக்கழகம் அறிவித்தது. பிழைகள் இருந்தன, ஆனால் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்பது கடைசி வரை அவர் சொன்னது.

தரவு உண்மையானது. அதைப் பல வழிகளில் பார்ப்பதில் என்ன தவறு?

பார்ப்பதில் தவறே இல்லை. எத்தனை வழிகளில் பார்த்தேன் என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

விளைவே இல்லையென்றாலும் தற்செயலாக இப்படியொரு தரவு வர எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண்தான் பி-மதிப்பு. அது 0.05க்குக் கீழே வந்தால் "முக்கியமான முடிவு" என்பது வழக்கம். உண்மையில் எந்த விளைவும் இல்லாத இடத்திலும், தற்செயலாக 100இல் 5 முறை இப்படி வந்துவிடும். ஒருமுறை மட்டும் சோதித்தால் அந்த ஆபத்து சிறியது. தொடர்பில்லாத 20 கேள்விகளை அதே தரவில் கேட்டால், ஒன்றாவது தற்செயலாக "முக்கியமானது" என்று வருவதற்கு 64% வாய்ப்பு. ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக, மதியம் வந்தவர்கள், இரவு வந்தவர்கள், தனியாக உட்கார்ந்தவர்கள், பஃபே மேசைக்கு அருகே உட்கார்ந்தவர்கள் என்று பிரித்துக்கொண்டே போனால் 20 கேள்விகள் ஒரு மாலைக்குள் முடிந்துவிடும்.

2011இல் சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூவர் இதைச் செய்தே காட்டினார்கள். குறிப்பிட்ட ஒரு பாட்டைக் கேட்ட மாணவர்களின் வயது, வேறு இசையைக் கேட்டவர்களின் வயதைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டது என்று, உண்மையான மாணவர்கள், உண்மையான தரவு, வழக்கமான கணக்கு ஆகியவற்றை வைத்தே "நிரூபித்தார்கள்". மாணவர்களிடம் பல தகவல்களைக் கேட்டு, வசதியானதை மட்டும் கணக்கில் சேர்த்து, அவ்வப்போது விடையைப் பார்த்து, வந்ததும் நிறுத்தினார்கள். நடக்கவே முடியாத ஒன்றை நடந்ததாகக் காட்ட அவ்வளவே போதுமாக இருந்தது.

என் மேசையில் நடந்ததையும் சொல்கிறேன். தொட்டிச் செடிகளில் ஒரு கரைசலைத் தெளித்து வளர்ச்சியை அளந்த ஒரு ஸ்காலர் வந்தார். 40 தொட்டிகள். பி-மதிப்பு 0.07. சுவரோரம் இருந்த இரண்டு தொட்டிகளில் நிழல் விழுந்தது, அவற்றை எடுத்துவிடலாம் என்று கைடு சொல்லியிருக்கிறார். எடுத்தால் 0.04. நான் ஒன்றுதான் கேட்டேன்: "அந்த இரண்டு தொட்டியும் நன்றாக வளர்ந்திருந்தால் இந்த நிழல் உங்கள் ஞாபகத்துக்கு வந்திருக்குமா?" அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "சார், இந்த வருஷம் பேப்பர் வரலைன்னா ஃபெலோஷிப் முடிஞ்சிடும்" என்றார். நிழல் உண்மையாகவே விழுந்திருக்கலாம். யாரும் பொய் சொல்லவில்லை. இருந்தும் அந்த 0.04 என்ற எண் செடியைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

"இல்லை" என்று வந்த முடிவு வெளியாகாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்?

நோயாளிக்கு. மனச்சோர்வுக்குத் தரப்படும் 12 மருந்துகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை, எரிக் டர்னரும் உடன் பணியாற்றியவர்களும் 2008இல் ஒப்பிட்டார்கள். அந்த அமைப்பின் மதிப்பீட்டில் 38 ஆய்வுகள் மருந்துக்குச் சாதகம். அவற்றில் 37 இதழ்களில் வெளிவந்தன. சாதகமில்லாத அல்லது ஐயத்துக்குரிய 36இல், உள்ளபடியே வெளிவந்தவை 3 மட்டும். 22 வெளியாகவே இல்லை. மீதி 11 சாதகம் போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வெளியாயின.

ஒரு மருத்துவர் உட்கார்ந்து எல்லா இதழ்களையும் ஒழுங்காகப் படித்தாலும், 94% ஆய்வுகள் வெற்றி என்றே அவருக்குத் தெரியும். உண்மையில் பாதிதான். மருந்து வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருளில்லை. எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள முடியாதபடி மருத்துவரின் கண்ணை மறைத்துவிட்டார்கள். அவரை நம்பி மாத்திரை விழுங்குகிறவருக்கு இது தெரியவே போவதில்லை.

அறிவியல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்கிறார்களே?

தானாக எதுவும் திருந்துவதில்லை. யாரோ ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்துத் திருத்த வேண்டும். அந்த வேலைக்குப் பரிசு உண்டா என்று பாருங்கள்.

2011இல் டேரில் பெம் என்ற மூத்த உளவியலாளர், எதிர்காலத்தை மனிதர்கள் முன்கூட்டி உணர்கிறார்கள் என்று ஒன்பது சோதனைகளோடு உளவியலின் முன்னணி இதழ் ஒன்றில் எழுதினார். மூன்று ஆராய்ச்சியாளர்கள் அதில் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தார்கள். எதுவும் வரவில்லை. அதே இதழுக்கு அனுப்பினார்கள். மறுசெய்கைகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று இதழின் ஆசிரியர் மதிப்பீட்டுக்கே அனுப்பாமல் திருப்பி அனுப்பினார். 2012இல் வேறோர் இதழில்தான் அது வெளிவந்தது. வியப்பூட்டும் கூற்றுக்கு ஓர் இடம், அதைச் சரிபார்த்தவருக்கு அதே வாசலில் கதவடைப்பு.

பிறகு 2015இல் உளவியல் ஆராய்ச்சியாளர்கள் பெரிய குழுவாகச் சேர்ந்து 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97, முக்கியமான முடிவு கிடைத்ததாகச் சொன்னவை. மறுசெய்கையில் அப்படி வந்தது 36% மட்டும். உளவியல் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2012இல் ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய க்ளென் பெக்லி, புற்றுநோய் உயிரியலில் மைல்கல் என்று கருதப்பட்ட 53 ஆய்வுகளில் 6 மட்டுமே தங்கள் ஆய்வகத்தில் உறுதியானதாக எழுதினார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. பஞ்சாப் பல்கலைக்கழகப் புவியியலாளர் வி. ஜே. குப்தா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இமயமலையில் கண்டெடுத்ததாகச் சொல்லிப் புதைபடிவங்களைப் பற்றி எழுதிக் குவித்தார். பல நாட்டு அறிஞர்கள் கூட்டாசிரியர்கள். அவற்றில் சில மொராக்கோ போன்ற தொலைதூர இடங்களைச் சேர்ந்தவை என்று 1989இல் ஆஸ்திரேலியப் புவியியலாளர் ஜான் டேலன்ட் அம்பலப்படுத்தினார். இடையில் அத்தனை பேர் இருந்தும், எடுத்த இடத்தைப் போய்ப் பார்த்தால் யாருக்கு ஒரு பேப்பர் கூடும்?

பீர் ரிவியூ என்று, சக ஆராய்ச்சியாளர்கள் கட்டுரையை மதிப்பிடும் முறை ஒன்று இருக்கிறதே, அது தடுக்காதா?

ஓரளவு தடுக்கும். ஆனால் மதிப்பீட்டாளர் பார்ப்பது எழுதி அனுப்பிய கட்டுரையை மட்டும்தான். எடுத்துவிட்ட இரண்டு தொட்டிகள் அதில் இருக்காது. இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஊதியமும் கிடையாது.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே எண்ணிக்கைக்குக் கொடுத்த அழுத்தம் ஒரு தனிச் சந்தையையே உருவாக்கிவிட்டது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி ஆசிரியர்களின் நியமனத்தையும் பதவி உயர்வையும் ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் முறையோடு இணைத்தது. பேப்பர் போட்டால் மதிப்பெண். பி.எச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு பேப்பராவது வெளியாகியிருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆய்வகமோ நேரமோ நிதியோ இல்லாத ஊர்க் கல்லூரியில், வாரம் முழுக்க வகுப்பெடுக்கும் ஆசிரியரிடமும் இதே அளவுகோல்தான். அவர் என்ன செய்வார்? பணம் கட்டினால் சில நாளில் அச்சாகும் இதழ்கள் அவரைத் தேடி வந்தன.

மானியக் குழு தானே ஓர் அங்கீகாரப் பட்டியலை வெளியிட்டது. 2018 மே மாதம் அந்தப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று. பிறகு கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. அதுவும் 2025இல் கைவிடப்பட்டது. பேப்பர் கட்டாயம் என்ற பி.எச்.டி. விதி 2022இல் எடுக்கப்பட்டது. ஆனாலும் பல நிறுவனங்கள் தங்கள் சொந்த விதியாக அதைத் தொடர்கின்றன. வேலைக்கான நேர்காணலில் "ஸ்கோபஸ் பேப்பர் எத்தனை?" (ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் உள்ள இதழ்களில் வந்தவை) என்ற கேள்வியும் மாறவில்லை. என்.ஐ.ஆர்.எஃப். தேசியத் தரவரிசை 2025இல் முதன்முறையாக, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக மதிப்பெண்ணைக் குறைத்தது. நல்ல தொடக்கம். ஆனால் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தருவது அப்படியே இருக்கிறது.

சீனாவில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. நேச்சர் அல்லது சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தால் 2016இல் சராசரியாகச் சுமார் 44,000 டாலர் ரொக்கப் பரிசு. 2020இல் அந்த நாட்டு அரசே இந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. இதற்கிடையே காசுக்குக் கட்டுரை எழுதித்தரும் பேப்பர் மில்கள் உலகெங்கும் முளைத்திருந்தன. 2023இல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகம் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

மோசடிக்காரர்களைப் பிடித்துத் தண்டித்தால் போதாதா?

தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் தரவை இட்டுக்கட்டியதாகவோ திருத்தியதாகவோ தாங்களே ஒப்புக்கொள்கிறவர்கள் சுமார் 2% என்று 2009இல் டேனியல் ஃபனெல்லி பல கருத்தாய்வுகளைத் தொகுத்துச் சொன்னார். அந்த 2 பேரை வெளியேற்றினாலும் மீதி 98 பேர் அதே தராசின் முன்தான் நிற்பார்கள்.

பால் ஸ்மால்டினோவும் ரிச்சர்ட் மெக்எல்ரீத்தும் 2016இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். அதில் யாரும் ஏமாற்றவில்லை. அதிகம் வெளியிடும் ஆய்வகங்களுக்கு மாணவர்கள் அதிகம் கிடைக்கிறார்கள். அந்த மாணவர்கள் அதே பழக்கத்தோடு புதிய ஆய்வகம் தொடங்குகிறார்கள். சில தலைமுறைகளில் நிதானமாக வேலை செய்யும் ஆய்வகங்கள் மறைந்துவிடுகின்றன. வயலில் எதை அறுவடைக்குப் பிறகு விதையாக எடுத்துவைக்கிறோமோ அதுதானே அடுத்த பருவத்தில் முளைக்கும்.

நிதானமாக வேலை செய்தவருக்கு என்ன நேரும் என்பதற்குக் காத்தலின் கரிக்கோ ஒரு சாட்சி. புரதம் செய்வதற்கான கட்டளையைச் செல்லுக்குள் எடுத்துச்செல்லும் எம்.ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறை மருந்தாக்கலாம் என்று நம்பி உழைத்தவரை, நிதி வரவில்லை என்பதால் 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பதவியிறக்கியது. அவர் விடவில்லை. அந்த வேலையிலிருந்து கொரோனா தடுப்பூசிகள் வந்தன. 2023இல் நோபல் பரிசு. பதவியிறக்கத்தோடு ஆராய்ச்சியை விட்டுப்போன மற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

அப்படியென்றால் எதை மாற்றினால் மாறும்?

பரிசு எப்போது தரப்படுகிறது என்பதை மாற்ற வேண்டும். விடை தெரிந்தபின் கொடுக்காமல், விடை தெரியும் முன் கொடுக்க வேண்டும்.

இது வெறும் ஆசையில்லை, நடந்துகொண்டிருக்கிறது. 2013இல் கார்டெக்ஸ் என்ற இதழ், ஆய்வாளர் தன் கேள்வியையும் செய்முறையையும் மட்டும் எழுதி அனுப்பும் ஒரு வடிவத்தைத் தொடங்கியது. அதை மதிப்பிட்டு, நல்ல கேள்வி, சரியான செய்முறை என்றால், தரவு சேர்க்கும் முன்பே வெளியிட ஒப்புக்கொள்கிறார்கள். சொன்னபடி செய்தால் போதும், விடை எதுவானாலும் அச்சாகும். உளவியலில் வழக்கமான கட்டுரைகளில் 96%, தாங்கள் எதிர்பார்த்தது உறுதியானதாகச் சொன்னபோது, இந்த வடிவத்தில் வந்தவற்றில் 44%தான் அப்படிச் சொல்கின்றன என்று 2021இல் ஓர் ஒப்பீடு காட்டியது. மனிதர்கள் மாறவில்லை. "இல்லை" என்று சொல்லும் பயம் மட்டும் போய்விட்டது.

மருத்துவத்திலும் இதே காட்சி. அமெரிக்க அரசின் இதய நோய் ஆய்வு நிறுவனம் நிதியளித்த பெரிய சோதனைகளில், 2000க்கு முன் வெளியான 30இல் 17 பலன் காட்டின. எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பொதுவில் பதிவு செய்யும் வழக்கம் வந்தபின் வெளியான 25இல் பலன் காட்டியவை 2. இந்தியாவிலும் மருத்துவச் சோதனைகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007இல் தொடங்கி, 2009 ஜூன் முதல் கட்டாயமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

முன்கூட்டியே எல்லாவற்றையும் கட்டிவைத்தால் எதிர்பாராத கண்டுபிடிப்பு வருமா?

வரும். தரவில் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டால் தாராளமாக எழுதலாம். "இதைத் தேடிப்போகவில்லை, தற்செயலாகக் கண்டோம், இன்னொரு தரவில் சோதிக்க வேண்டும்" என்ற ஒரு வரி சேர்ந்தால் போதும்.

இதையெல்லாம் படித்தால் அறிவியலையே நம்பக்கூடாது போலிருக்கிறதே?

அப்படிப் போய்விடாதீர்கள். மேலே நான் சொன்ன தவறுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் அறிவியலாளர்கள்தான், அறிவியல் முறையால்தான். ஒற்றை ஆய்வை நம்பி உணவையோ மருந்தையோ மாற்றாதீர்கள். வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கைகள் செய்தும் ஒரே விடை வந்திருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம், 1998இல் 12 குழந்தைகளை மட்டும் வைத்து லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010இல் அது திரும்பப் பெறப்பட்டது. இலட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பல நாடுகள் செய்த ஆய்வுகள் அந்தத் தொடர்பு இல்லை என்று காட்டிவிட்டன. 12 பேர் ஒரு பக்கம், இலட்சங்கள் ஒரு பக்கம்.

நான் பி.எச்.டி. மாணவி. கைடு சொல்வதை மறுக்கும் நிலையில் இல்லை. நான் என்ன செய்ய?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. வேலையை விட்டுவிடுங்கள், சண்டை போடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வாடகை கட்ட வேண்டியவர் நீங்கள்.

செய்ய முடிந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் அளவீட்டுக்கு முன், ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்ன கேள்வி, எத்தனை மாதிரி, எதை அளக்கப்போகிறேன், எந்தக் காரணத்துக்காக ஓர் அளவீட்டை விலக்குவேன், எந்தக் கணக்கு போடுவேன். தேதி போடுங்கள். கைடுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "சார், இது சரிதானா, ஏதாவது சேர்க்கணுமா?" என்று கேளுங்கள். இதில் எதிர்ப்பு எதுவும் இல்லை. மாணவர் யோசனை கேட்கிறார், அவ்வளவுதான். பெரும்பாலான கைடுகள் மகிழ்ச்சியோடு பதில் எழுதுவார்கள். ஆறு மாதம் கழித்து "அந்த இரண்டை எடுத்துவிடலாமா?" என்ற பேச்சு வரும்போது, உங்களுக்காக அந்த ஒரு பக்கம் பேசும்.

தொட்டிச் செடி ஸ்காலர் 40 தொட்டிகளையும் வைத்தே எழுதினார், 0.07 என்றே போட்டார். இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பின. மூன்றாவது ஏற்றுக்கொண்டது. அடுத்த பருவத்தில் 120 தொட்டிகளோடு அதே சோதனையைத் திரும்பச் செய்ய ஆரம்பித்தார். இந்தமுறை தொட்டிகளை வைக்கும் முன்பே, எந்த நேரத்தில் எங்கே நிழல் விழுகிறது என்று மொட்டைமாடியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார்.